கேட்கக் கூடாத நாற்பது நாள்

என் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாம் சுகம், உன் அப்பாவின் தொண்டையைத் தவிர. நீயும் சுகம் என்றுதான் நம்புகிறேன். போனில் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்று நீ இரண்டு தடவை சொல்லும்போதே சாப்பிடவில்லை என்று தெரிந்துவிடுகிறது, இருந்தாலும் நம்புகிறேன்.

தொண்டை விஷயத்துக்கு வருகிறேன். தவக்காலத்துக்கென்று ஆளாளுக்கு இறைச்சியை விட்டார்கள், காபியை விட்டார்கள். உன் அப்பா சர்க்கரையை விட்டார், போன வருடமே டாக்டர் விடச் சொன்னதுதான், இப்போது ஆண்டவருக்காக என்கிறார். எனக்கோ செபத்தில் உட்கார்ந்தால் மளிகைக்கடையில் நிற்பது போல அது கொடு இது கொடு என்றுதான் வாய் வரும். சரி, அதையே விடுவோம், இந்த நாற்பது நாளும் ஒன்றும் கேட்பதில்லை, நன்றி மட்டுமே சொல்வது என்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நெற்றிச் சாம்பல் கூட சரியாகப் போகவில்லை, மறுநாள் காலையில் உன் போன். கம்பெனியை மூடிட்டாங்கம்மா, வேலை போயிடுச்சு, எனக்காக வேண்டிக்கோ என்றாய். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாக்கை மீறவும் பயம், மீறாமல் இருக்கவும் பயம்.

உன் அப்பாதான், வாக்குக் குடுத்தது நீதானே, நானா குடுத்தேன், நான் கேக்கறேன் போ என்றார். கோயிலில் உதட்டை மட்டும் அசைக்கிற மனுஷன்! முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசித்தான் பழக்கம், வீட்டில் வாய்விட்டுச் செபித்தால் தெரு முழுக்கக் கேட்கிறது. முதல் நாளே மாடி வீட்டுக் கம்பவுண்டர் சண்டையோ என்று பதறி இறங்கி வந்துவிட்டார், செபம்தான் சார் என்று சொல்லி அனுப்பினேன். போதாததற்கு உன் பழைய வீட்டு விலாசத்தைக் கதவு எண்ணோடு ஆண்டவருக்குச் சொல்கிறார். அவ வீடு மாறி ஆறு மாசம் ஆச்சுங்க என்றால், அவருக்குத் தெரியாதா என்கிறார். தெரியும்னா நீங்க எதுக்கு விலாசம் சொல்றீங்க என்றேன். மறுநாள், ஆண்டவரே, நேத்து சொன்ன விலாசத்தை அடிச்சிடுங்க என்று ஆரம்பித்தார், எனக்கு வந்த சிரிப்பில் தைத்துக்கொண்டிருந்த ஊசி கையில் குத்திவிட்டது.

நான்கு வாரம் இப்படியே ஓடியது. இன்டர்வியூ வருகிறது என்று நீ சொன்ன பிறகு சத்தம் இன்னும் கூடி, அவருக்குத் தொண்டையும் கட்டிவிட்டது. நேற்றுக் காலை பாதியில் சத்தம் நின்றுவிட்டது. தைத்துக்கொண்டிருந்த சீருடையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பிள்ளை அங்க தனியா என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் வரவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டால் என்ன என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து கணீரென்று ஆமென் என்று ஒரு குரல். உன் அப்பா நாற்காலியை விட்டுவிட்டு அண்ணாந்தார். பார்த்தால் கம்பவுண்டர்! கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன், தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார் போலிருக்கிறது. பிள்ளைக்கு எப்ப இன்டர்வியூ என்று ஜன்னல் வழியாகக் கேட்கிறார். வியாழக்கிழமை சார் என்று உன் அப்பா கத்துகிறார். சிரித்துச் சிரித்து எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், அதில் அழுகை எவ்வளவு என்று கேட்காதே.

வியாழக்கிழமை வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ. சர்டிபிகேட் பையை முதல் நாளே எடுத்து வை. அந்தப் பச்சைச் சட்டையில் கைப் பட்டன் ஆடிக்கொண்டிருந்தது, தைத்துக்கொள். ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காப்பார், அப்பாவின் ஆசீர்வாதம், மாடி வீட்டு ஆமெனும் சேர்த்து.

இன்னொன்று. நான் கேட்கத்தானே கூடாது? நன்றி சொல்லலாம் இல்லையா? அதனால் உனக்குக் கிடைத்த வேலைக்கு இன்று காலையே முழங்காலில் நின்று நன்றி சொல்லிவிட்டேன். அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

வாக்கு மாறாத உன்
அம்மா