பஞ்சாய் விழுந்த நட்சத்திரங்கள்

மச்சான்,

இன்று மதியம் வீட்டில் பச்சை மிளகாயை வினிகரில் ஊறப்போட்டார்கள். அந்தப் புளிப்பு வாடை கூடம்வரை வந்ததும் எனக்கு உன் வீட்டுக் குளியலறை ஞாபகம் வந்துவிட்டது. வாளிகளை ஓரங்கட்டிவிட்டு, வினிகரைத் தண்ணீரில் கலந்து நாம் ஃபிலிம் கழுவிய அறை. "இன்னாய்யா இது, ஊடு பூரா ஊறுகா நாத்தம்!" என்று உன் மனைவி கதவைத் தட்டுவார்.

பருத்திப்பட்டில் நாம் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் கோவில்பட்டியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். நீ மின்சார ரயில் ஓட்டுபவன். அகல ஃபிலிம் போடும் அந்தப் பழைய கேமராவை நீ எங்கிருந்தோ பிடித்துவந்த பிறகுதான் நெருங்கினோம். உனக்கு ஓய்வு வாய்க்கும்போதெல்லாம் முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி, விளக்கு குறைந்த இடமாகப் பார்த்து வானத்தைப் படம் எடுப்போம்.

முதலில் நன்றாகத்தான் வந்தது. ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு எல்லாம் மங்கத் தொடங்கியது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் பஞ்சு உருண்டைகளாக விழுந்திருந்தது. லென்ஸில் பனி படிகிறதென்று துணி சுற்றினோம். ஈரக்காற்றில் ஃபிலிம் வளைகிறதோ என்று, சுருளை நகர்த்திய உடனே படம் எடுத்துப் பார்த்தோம். எதுவும் மாறவில்லை. ஃபோகஸ் வைப்பது எப்போதும் நீதான். என்னைத் தொடவிட மாட்டாய்.

பிறகு ஒருநாள், "போதும் மச்சான். கேமராவ நீயே வச்சுக்கோ" என்றாய். விடாமல் கேட்டேன். ஏரிக்கரையில் நடந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்:

"எங்க நைனாவுக்கு இப்டித்தான் கண்ணு போச்சு. நான் பாக்கசொல்ல ஸ்டாரு ஊசி மாரி கீது, ஃபிலிம்ல பஞ்சா கீது. அப்போ என் கண்ணுதானே பொய் சொல்லுது? மெடிக்கல் டெஸ்ட் வேற வருது. வண்டிய உட்டு எறக்கிட்டாங்கன்னா?"

"வீட்ல சொன்னியா?"

"அது பயந்துக்கும்."

அதையெல்லாம் நீ ஒருவனாகவே சுமந்துகொண்டிருந்தாய்.

மறுநாள் சாயங்காலம் உன்னை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஃபிலிமைக் கழற்றிவிட்டு, அது உட்காரும் இடத்தில் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டினோம். தூரத்து டவர் விளக்குக்கு ஃபோகஸ் வைத்தாய். இந்தத் தடவை நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி, ஊசிமுனை போல. கேமராவின் முதுகைத் திறந்து, ஷட்டரை மூடாமல் பிடித்தபடி காகிதத்தைப் பார்த்தோம். அதே விளக்கு அங்கே மிளகாய்ப்பழம் போல ஊதிக் கிடந்தது.

"எனக்கும் அப்படித்தான்டா தெரியுது" என்றேன். "எனக்குமா கண்ணு போச்சு?"

நீ குனிந்து, நாம் எட்டிப் பார்க்கும் கண்ணாடித் திரையைக் கழற்றினாய். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்ததென்று நீயே துடைத்து மாட்டியது. தலைகீழாக மாட்டியிருந்தாய். சொரசொரப்பான பக்கம் கீழே இருக்க வேண்டியது மேலே இருந்தது. அதனால் நம் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்த இடம் ஒன்று, ஃபிலிமில் கூர்மையாக விழும் இடம் வேறு. அவ்வளவுதான் விஷயம்.

நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். சிரித்தாய், கண்ணும் கலங்கியது. மாடி விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்து, "ஏமே, என் கண்ணு நல்லா கீது!" என்று கத்தினாய்.

துணி மடித்துக்கொண்டிருந்த உன் மனைவி நிமிர்ந்து பார்த்து, "அத்த சொல்லத்தான் இப்டி கத்துறியா?" என்றார்.

மெடிக்கலில் தேறினாய். அடுத்த சுருளில் கார்த்திகைக் கூட்டம் தெளிவாக வந்தது. பிறகு பல வருடங்கள், ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் வரை, வண்டி ஓட்டினாய்.

போன மாதம் எனக்கு நெஞ்சை அடைத்தது. மறைத்துவைக்கத்தான் முதலில் தோன்றியது. ஏரிக்கரையில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தது கண்முன் வந்தது. உடனே மனைவியைக் கூப்பிட்டு, "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவள் பதறவில்லை, மச்சான். செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, போலாம்" என்றாள். வெறும் வாயுத் தொல்லை என்று டாக்டர் சிரித்து அனுப்பினார். திரும்பி வரும் ஆட்டோவில் அவள் என் கையை விடவே இல்லை.