நீல டிரம்

மார்கழி, திங்கள்

பனி. விறகெல்லாம் ஈரம்.

இன்று களத்தில் இருந்தவர்கள்: நான், எங்கள் ஜவளகிரிப் பெண்களுக்கு ஜீவாமிர்தம் என்கிற இயற்கை உரம் செய்யக் கற்றுத்தர வந்த சுமதி, பக்கத்து வீட்டு எல்லம்மா, எதிர் வீட்டு நாகரத்னா, என் மகன் மாதேஷ். என் பசு கெம்பியையும் சேர்க்க வேண்டும். சாணமும் கோமியமும் அவளுடையது. நிறைசினை.

சுமதி சொல்லச் சொல்லக் கரைத்தோம். சாணம், கோமியம், வெல்லம், கடலைமாவு, வரப்பு மண் ஒரு கை. எல்லம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். “உம் பொண்ணு கல்யாணப் பாயசத்துல கூட இவ்ளோ வெல்லம் போடலியே!” எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பாயசத்தை மூன்று தடவை வாங்கிக் குடித்தவள் அவள்.

டிரம் மாதேஷ் கொண்டுவந்தது. ஓசூரில் அவன் வேலை செய்கிற கம்பெனிக்குப் பூச்சிமருந்து வந்து காலியானது.

“அண்ணா, நல்லா கழுவினீங்களா?” சுமதி.

“சோப்பு போட்டுக் கழுவினன்.”

நானும் கேட்டேன்.

“எத்தன வாட்டிம்மா சொல்றது?”

செவ்வாய்

வெயில் இல்லை. காலை, மாலை கலக்கினேன். மேலே கோணிப்பை. வாசலெல்லாம் வெல்ல வாசம். கெம்பி கயிற்றை இழுத்தபடியே இருந்தாள். அதட்டினேன்.

புதன்

விடியும்போது கயிறு அறுந்து கிடந்தது. டிரம்முக்குள் கெம்பியின் தலை. வாயில் நுரை. நாகரத்னா ஓடி வந்தாள். “ஏனாயித்து அக்கா?” என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டாள். மாட்டு டாக்டர் வருவதற்குள் முடிந்தது. வயிற்றில் கன்று கொஞ்ச நேரம் அசைந்தது. கை வைத்துக்கொண்டே இருந்தேன்.

வியாழன்

சமைக்கவில்லை. டிரம்மைக் கவிழ்த்தேன். அடியில் மஞ்சள் கசடு, கல் மாதிரி. அவன் டிரம்மைக் கழுவவே இல்லை.

மாதேஷைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஷிப்டுக்கு நேரமாயிடுச்சும்மா, அப்படியே வெச்சுட்டன். யார்கிட்டயும் சொல்லாத.”

வெள்ளி

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். சுமதி நடுவில்.

“நீ சொல்லிக்குடுத்த தண்ணிதான் மாட்டக் கொன்னுச்சு. இனிமே இந்தப் பக்கம் வராத.” எல்லம்மாதான்.

நான் எழுந்து சொன்னேன். டிரம் கழுவவில்லை, அடியில் மருந்து இருந்தது, என் மகனே ஒத்துக்கொண்டான்.

அவன் போனைப் பார்த்தபடி, “மாடு செத்த துக்கம். அம்மா என்னென்னமோ பேசுது.”

எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். சுமதி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அவளுடைய கலக்குகிற கோல் இங்கேயே நிற்கிறது.

எல்லம்மாவை என்றைக்காவது மன்னிப்பேன். அவளுக்கு உண்மை தெரியாது. தெரிந்தே பொய் சொன்னவன் ஒருவன்தான்.

மாதேஷ்.