பேச்சியை அழைத்து வந்தது

ஐப்பசி 4, திங்கள்.
தூறல். ஆரப்பாளையத்தில் பஸ் போர்டை நானே படித்து ஏறினேன். எழுபத்திரண்டு வயதில் முதல் தடவை. யாரிடமும் கேட்கவில்லை! போனது அப்பா பிறந்த ஊருக்கு. பெயர் நீளம், க.பட்டி என்று எழுதுகிறேன்.

அப்பா விற்ற வீடு. வெள்ளிக்கிழமை இடிக்கிறார்கள், மாடி கட்ட. இப்போது இருப்பவள் ராசாத்தி. விட்டத்தில் தொங்கும் ஓலைப்பெட்டியைக் காட்டினாள். உள்ளே சின்னப் பாவாடை, கண்ணாடி வளையல். சிறுவயதில் செத்த என் அத்தைக்கு வைத்தவை; அப்பாவுக்கு அக்கா. அவள்தான் அந்த வீட்டுச் சாமி. விலைக்கு வாங்கியவர்களும் பொங்கலுக்குப் பொங்கல் பாவாடை மாற்றியிருக்கிறார்கள். பெட்டிக்கு அடியில் யாரும் படுப்பதில்லையாம்.

"உங்க வீட்டுப் பிள்ளைண்ணே. இடிக்கிறதுக்கு முன்ன கூட்டிட்டுப் போயிருங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தேன் வருவா. உங்க வாசல்லயும் கூப்பிடணும், இல்லாட்டி வெளியவே நிப்பா."

பெயர் தெரியாது. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

செவ்வாய்.
வெயில். முழங்கால் வலி. வாங்க வேண்டியது: தைலம், பென்சில்.
அவனியாபுரம், பெரியப்பா வீடு. அவர் மகள் சிவனம்மா அக்கா படுக்கையில். நான் இப்போது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். இந்த வயசில் கலெக்டர் ஆகப் போறியாக்கும் என்று சிரித்தாள். அத்தை பெயரைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேச்சி. ஏழு வயசு. கண்மாயில மூழ்கிப் போயிட்டா. பேரச் சொன்னா வந்து நிப்பான்னு யாரும் சொல்ல மாட்டாக."

பஸ்ஸிலேயே எழுதிப் பார்த்தேன். 'பே' அழகாக வந்தது.

வியாழன்.
காலையிலிருந்து மேகம். க.பட்டி. வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். ராசாத்தி பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு அழுதாள். மடியில் வைத்துக்கொண்டு பஸ். இரண்டு டிக்கெட் கேட்டேன். இன்னொரு ஆள் எங்கே என்றார் கண்டக்டர். பெண்பிள்ளை என்றேன். பெட்டியைப் பார்த்தார்.

"பொம்பளைப் பிள்ளைக்குக் காசு இல்ல பெருசு." இலவச டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாலை. பெட்டியைச் சாமி படத்தருகே வைத்ததும் எழுத உட்கார்ந்தேன். பேச்சி. பேச்சி. ஒரு பக்கம் முழுக்க. இந்தப் பெயரை இதுவரை யார் எழுதியிருப்பார்கள்? அவ்வளவு சந்தோஷம்.

மனைவி கேட்டாள், "நம்ம வாசல்ல கூப்பிட்டீகள்ல?"

இல்லை. எழுதும் அவசரம்.

வெளியே கொட்டுகிற மழை. கதவைத் திறந்து கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன். சாரல் உள்ளே அடிக்கிறது. தெருவில் முழங்கால் தண்ணீர். மனைவி சாத்தச் சொல்கிறாள். நோட்டு நனைகிறது. இன்னும் சாத்தவில்லை.