என் தப்புதான்

மார்ச் 4

குட்டி டீச்சருக்கு,

உன்னைவிடப் பதினைந்து வயது மூத்த மாணவி எழுதுகிறேன். நான் வேலைக்கு வந்த இந்த வெளிநாட்டு முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொண்ட அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். இரண்டு வருஷம் தலை வாரிவிட்டிருக்கிறேன். மகன் வந்து நின்றதும் மனசு கேட்காமல், நீ சொல்லிக்கொடுத்த அவர்கள் மொழியில் சொன்னேன்: "என் தப்புதான். நான் பக்கத்துலயே இருந்திருக்கணும்."

நம்மில் யார்தான் இப்படிச் சொல்லி அழுவதில்லை? அவர் அதை அப்படியே புகாராக எழுதிக் கொடுத்துவிட்டார். என்னை வேலையிலிருந்து நிறுத்தி விசாரணை வைத்திருக்கிறார்கள். இது துக்கப் பேச்சு, ஒப்புதல் வாக்குமூலம் இல்லை என்று நீ எழுதிக் கொடுத்தால் கேட்பார்களாம்.

உன் கடைசி பெஞ்சு அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

படித்ததும் நம் பயிற்சி மைய மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "நாம சரியா சொல்லிக்கொடுக்கலைன்னு நாமே எழுதித் தர்றதா? அப்புறம் யார் வந்து சேருவா?" என்றார்.

வினைச்சொல் அட்டவணையை உங்களை உருப்போட வைத்தேன். சாவு வீட்டில் அந்த மக்கள் என்ன பேசுவார்கள் என்று ஒரு நாளாவது சொன்னேனா? பாடத்திட்டத்தில் இல்லை என்று தாண்டிப் போனேன். அதையும் சேர்த்து என் பெயரிலேயே எழுதி அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும். திட்டாதீர்கள்.

உங்கள் டீச்சர்

ஏப்ரல் 2

கண்ணு,

உன் கடிதத்தை வாசித்தார்கள். பிறகு மகனை எதிரே வைத்துக்கொண்டு, "உங்கள் தப்பா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அறைக்கு வந்து அழுது தீர்த்தேன். அந்த அம்மாவுக்காக நான் சொன்னது அது ஒன்றுதான். அதையும் திருப்பி வாங்கிக்கொண்டேன். விசாரணை முடிந்து வெளியே வந்தபோது மகன் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் தலைகுனிந்து நடந்துவிட்டேன். அம்மாவை இழந்தவரிடம் இங்கே என்ன சொல்ல வேண்டும்? எழுதி அனுப்பு.

அக்கா

ஏப்ரல் 10

அக்கா,

மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வகுப்பு மட்டும் இன்னும் கையில் இருக்கிறது.

பதினோரு வருஷமாக இந்த மொழியைச் சொல்லித் தருகிறேன். நீங்கள் கேட்டது எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் நாலு வாக்கியம் இருக்கிறது. அதை நம்பி உங்களை மறுபடி அனுப்பமாட்டேன்.

அந்த மகனையே போய்ப் பாருங்கள். "உங்க அம்மாவுக்காக நான் அழணும். உங்க ஊர்ல அதை எப்படிச் சொல்வாங்க?" என்று அவரிடமே கேளுங்கள்.

டீச்சர்