ஒரே மூச்சில் வார்க்க வேண்டிய வளையம்

ஜூன் 2, ஞாயிறு

1. இதை எழுதுபவன் ஐம்பத்தெட்டு வயது நிரம்பியவன், சட்டம் படித்தவன், ஊர்களுக்கு உயர்நிலை நீர்த்தொட்டி கட்டித் தரும் நிறுவனம் ஒன்றின் சட்ட ஆலோசகன்.

2. அத்தொட்டிகளை வடிவமைப்பவள் என் மனைவி. அவள் நிறுவனத்தின் ஊழியர் அல்லள். தனி அலுவலகம் வைத்திருக்கிறாள். அந்த அலுவலகம் எங்கள் வீட்டின் முன்னறை.

3. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பதினொரு தொட்டிகள் இருக்கின்றன என்பது அவள் கூற்று. அதை நான் மறுத்ததில்லை.

4. பழைய நோட்டு நேற்றோடு தீர்ந்தது, ஆகவே இது. இதில் எழுதப்படுவன என் அறிவுக்கு எட்டிய வரை உண்மை.

பதினொன்றாவது தொட்டியின் பெயர் பம்பரம். ஒற்றைத் தூணின் மேல் விரியும் கூம்பு. அதைச் சுற்றிச் சுழன்று ஏறும் ஒரு பள்ளம், சாட்டை சுற்றிய தடம் போல, அதற்குள்தான் படிக்கட்டு. அவளுடைய முதல் இரண்டு வரைபடங்களை அந்த ஊர்க் கூட்டம் ஏற்கவில்லை. "இது தொட்டி மாதிரியே இருக்கும்மா. தினமும் நிமிர்ந்து பாக்கப்போறது நாங்கதானே" என்றாராம் ஒரு தையல்காரர். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நாளை நீர்ச் சோதனை தொடங்குகிறது. கால் பங்கு நிரப்பி, இரண்டு நாள் நிறுத்தி, கசிவு பார்த்து, பிறகு அடுத்த கால்.

ஜூன் 7, வெள்ளி

முக்கால் பங்கில் கசிவு. கூம்பும் தூணும் சேரும் வளையத்தில், முழ நீளத்துக்கு ஓர் ஈரக்கோடு. நீரை இறக்கிவிட்டார்கள். ஆபத்து ஏதுமில்லை.

அவள் தளத்திலிருந்து வந்து கைகூடக் கழுவாமல் சொன்னாள்: "ஒரு பக்கம் மட்டும்தான் ஈரம். வரைபடத்துல தப்புன்னா சுத்தி வரணும். இது வேற ஏதோ."

நான் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 10, திங்கள்

ஒப்பந்தப்படி, குறைபாடு தெரிந்த ஏழு நாட்களுக்குள் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். ஒருவரை விட்டாலும் பிற்பாடு அவர்மீது கோரிக்கை எழுப்ப முடியாது. சிமென்ட் தந்தவர், கம்பி தந்தவர், கட்டுமான ஒப்பந்தக்காரர், வடிவமைப்பாளர் என நான்கு நோட்டீஸ்கள் தயார் செய்தேன். நகராட்சிக்கு நகல்.

முதலாளி நான்காவதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டம்மாவுக்கா?"

"யாரையும் விட முடியாது, சார்."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"எதிர்த்தரப்புக்கு முன்கூட்டிச் சொல்வது முறையல்ல."

"சரியான ஆளுய்யா நீங்க" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நான்கும் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டன. நான்கிலும் என் கையொப்பம்.

ஜூன் 11, செவ்வாய்

சாப்பிடும்போது செய்தித்தாளின் ஓரத்தில் அந்த வளையத்தை வரைந்து காட்டினாள். எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு ஆழம். "நீங்க என்ன நினைக்கறீங்க?"

"அறிக்கை வரட்டும்" என்றேன்.

"வக்கீல் சார், நான் உங்க சம்சாரம். வழக்கில்ல."

சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றே நினைவு. குழம்புப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

ஜூன் 12, புதன்

தபால் வரவில்லை.

ஜூன் 13, வியாழன்

தபால்காரர் பத்து மணிக்கு வந்தார். நான் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒப்புகை அட்டையில் கையெழுத்திட்டாள், உறையை நின்றபடியே பிரித்தாள், நின்றபடியே படித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

இது வெறும் நடைமுறை என்றேன். நான்கு பேருக்கும் போயிருக்கிறது என்றேன். அவள் பெயரை மட்டும் விட்டிருந்தால் பாரபட்சமாகியிருக்கும் என்றேன். இவையனைத்தும் உண்மை.

அவள் குரலை உயர்த்தவில்லை. "நோட்டீஸ் அனுப்பினதுக்கு எனக்குக் கோவம் இல்ல. அது உங்க வேலை. திங்கக்கிழமை அனுப்பிட்டு, மூணு நாளா எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்களே. என்ன நினைக்கறீங்கன்னு கேட்டேனே. அப்பக்கூடச் சொல்லலியே."

மற்றக் காலணியையும் மாட்டிக்கொண்டு அலுவலகம் போனேன்.

ஜூன் 14, வெள்ளி

வரைபலகையுடன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய அக்கா வீடு நான்கு தெரு தள்ளி. நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.

ஜூன் 17, திங்கள்

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஐந்தாவது படியே திருப்தி தந்தது. அலுவலகத்தில் தட்டச்சு செய்து, சரிபார்த்து, அனுப்பினேன்.

ஜூன் 20, வியாழன்

அக்காவின் கணவர், என் சகலை, கடிதத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். உட்காரவில்லை.

"சகலை, இதுக்கு நகல் வச்சிருக்கீங்களா?"

"வைத்திருக்கிறேன்."

"வச்சிருப்பீங்கன்னு தெரியும். தலைப்பைப் பாருங்க."

பார்த்தேன். முதல் வரிக்கு மேலே, கனத்த எழுத்தில், 'உரிமைகளுக்குப் பாதகமின்றி'. இந்தக் கடிதத்தில் எதை ஒப்புக்கொண்டாலும் அதை எழுதியவனுக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்டக் கூடாது என்று அதற்குப் பொருள். முப்பத்திரண்டு ஆண்டுகளாகச் சமாதானக் கடிதம் எதுவானாலும் அந்த வரியோடுதான் என் கை தொடங்கும். எழுதும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை.

வரைபடம் திருத்தும் சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தாள். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

"அவ அழுவான்னு பாத்தேன்" என்றார் சகலை. "சிரிச்சுட்டா. அதான் எனக்குப் பயமாயிருக்கு."

என்னையே கேட்கிறேன்: ஏன்யா இப்படிச் செஞ்ச? ஒரு வெள்ளைத்தாள்ல 'தப்புப் பண்ணிட்டேன்'னு எழுத வராதா உனக்கு?

ஜூன் 25, செவ்வாய்

நோட்டீஸின் நகல் நகராட்சியின் கோப்பில் இருப்பதால், விசாரணை முடியும் வரை வடிவமைப்பாளர் தொட்டியில் ஏறக் கூடாது என்று உத்தரவு. சான்றைக் காக்கும் நடவடிக்கை. நானாக இருந்தாலும் அப்படியே உத்தரவிட்டிருப்பேன்.

மேஸ்திரி தொலைபேசியில் சொன்னார்: "அம்மா தினமும் வர்றாங்க சார். வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போறாங்க. காவலாளி நாற்காலி போட்டாரு. உக்கார மாட்டேன்னுட்டாங்க."

ஜூன் 28, வெள்ளி

அவள் வரைந்துகொண்டிருந்த பன்னிரண்டாவது தொட்டி ஒரு மலையூருக்கானது. சரிவில் நிற்பது, கீழிருந்து பார்த்தால் ஒரு பறவை இறங்குவது போலவும் மேலிருந்து பார்த்தால் ஏறுவது போலவும் தெரியும் என்பாள். மலையூரார் இன்று அதைக் கைவிட்டார்கள். காரணம் கடிதத்தில் தெளிவாக இருக்கிறது: 'மேற்படி வடிவமைப்பாளர்மீது குறைபாட்டு நோட்டீஸ் நிலுவையில் உள்ளமையால்.'

நல்ல வாக்கியம். பிழையில்லை. என்னுடைய நடை.

ஜூலை 4, வியாழன்

வளையத்தில் துளையிட்டு எடுத்த மாதிரியின் அறிக்கை வந்தது. வடிவமைப்பில் பிழை இல்லை. வளையத்தின் ஒரு பாதி ஒரு நாளும் மறுபாதி அடுத்த நாளும் வார்க்கப்பட்டதால் இரண்டும் ஒட்டவில்லை. அவள் வரைபடத்தில் அந்த இடத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது: 'வளையம் ஒரே மூச்சில் வார்க்கப்பட வேண்டும். இடையில் நிறுத்தக் கூடாது.'

மேஸ்திரி என் அறைக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மழை வந்துச்சுங்க. பாதியில நிறுத்திட்டோம். என் தப்புதான், இல்லேங்கல. வளையம் போடற நாள்ல அம்மா எப்பவும் கூடவே நிப்பாங்க. குடைய விரிச்சுக் கலவைக்குப் பிடிப்பாங்க, தான் நனைவாங்க. அன்னைக்கு மட்டும் இல்ல."

"ஏன் இல்லை?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்கதானே சார் கூப்பிட்டீங்க."

ஜூலை 5, வெள்ளி

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது. அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்:

'பிப்ரவரி 8, வியாழன். அவளைத் தளத்திலிருந்து வரவழைத்தேன். வடிவமைப்பில் பிழை நேர்ந்தால் அவளைக் காக்கும் காப்பீடு இன்றோடு காலாவதி. நேரில் கையொப்பமிட வேண்டும். இன்று வளையம், நாளை வருகிறேன் என்றாள். ஒரு நாள் இடைவெளியும் ஆபத்து என்றேன். கையொப்பம் ஆனது. மாலையில் மழை. நிம்மதி.'

நிம்மதி என்று எழுதியிருக்கிறேன்.

அவளுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கும். வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் ஈரம் என்றதும் எந்த நாள் என்று கணக்கிட்டிருப்பாள். சொல்லவில்லை. செய்தித்தாளில் வரைந்து காட்டி, என்ன நினைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். நானே கண்டுபிடிக்கட்டும் என்றா? இல்லை, எனக்கு வலிக்கக் கூடாதென்றா?

அவ என்னைக் காப்பாத்திட்டு இருந்திருக்கா. நான் அவளுக்கு நோட்டீஸ் தயார் பண்ணிட்டு இருந்திருக்கேன்.

ஜூலை 8, திங்கள்

விசாரணைக் குழுவுக்கு எழுத்துமூலமாக அறிக்கை கொடுத்தேன். வளையம் வார்த்த நாளில் வடிவமைப்பாளர் தளத்தில் இல்லாததற்குக் காரணம் நான் என்றும், அவரை வர வற்புறுத்தியது நான் என்றும் எழுதினேன். பிப்ரவரி எட்டாம் தேதிக் குறிப்பின் நகலை இணைத்தேன். ஒரு பக்கம். விதிவிலக்கு எதுவும் சேர்க்கவில்லை.

முதலாளி படித்தார். "இத உங்ககிட்ட யாரும் கேக்கலையே."

"கேட்கவில்லை."

"நிறுவனத்தோட வக்கீலே இப்படி எழுதிக் குடுத்தா, நாளைக்கு எந்த முகத்தோட நான் வாதாட?"

ராஜினாமாவையும் அதே உறையில் வைத்திருந்தேன். வடிவமைப்பாளர்மீதான நோட்டீஸ் இன்று மாலை திரும்பப் பெறப்பட்டது. மலையூருக்கும் தெரிவிக்கப்பட்டது.

ஜூலை 10, புதன்

மலையூரிலிருந்து பதில். வேறொருவருடன் ஒப்பந்தம் ஆகிவிட்டதாம்.

ஜூலை 21, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்து, "வாங்க தம்பி" என்றார். உள்ளே போய்விட்டார். கூடத்தில் வரைபலகை. அதில் பம்பரத்தின் வளையம், பழுதுபார்க்கும் முறை. பழுதை அவளே முன்னின்று செய்யப்போகிறாள்.

தட்டச்சு செய்யாமல் வாயாலேயே சொன்னேன். மன்னித்துவிடு என்றேன். வேறு என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. எனக்கு நினைவில்லாமல் போனது அரிது.

"உங்க அறிக்கையைப் படிச்சேன்" என்றாள். "நல்லா இருந்துச்சு. அன்னிக்கே சாப்பாட்டு மேஜையில அதுல பாதியாவது சொல்லியிருக்கலாம்."

"வீட்டுக்கு வா."

பென்சிலைக் கீழே வைத்தாள். "வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தேன். நீங்க எதிர்ல உக்காருவீங்க. சாதாரணமாத்தான் பேசுவீங்க. இன்னிக்கு எதை அனுப்பிட்டு வந்திருக்காரோன்னு எனக்குத் தோணும். அப்படி எனக்குச் சோறு இறங்காதுங்க."

பலகையின் ஓரத்தில் கிடந்த பென்சில் சீவல்களை ஒன்றுசேர்த்தேன்.

"பிரிவுப் பத்திரம் ஒண்ணு வேணும்" என்றாள். "நீங்களே எழுதிக் குடுங்க. உங்க அளவுக்கு ஓட்டையில்லாம வேற யாரும் எழுத மாட்டாங்க."

ஆகஸ்டு 14, புதன்

பம்பரத்தில் முழு நீர் நின்றது. கசிவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தேன். சாட்டைத் தடத்துக்குள் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மறைந்து, அடுத்த சுற்றில் சற்று மேலே தெரிந்தார்கள். சேலையின் நிறம் அவ்வளவு தூரத்திலிருந்து நிச்சயமாகத் தெரியவில்லை. அவள்தான்.

நிறுத்தத்தில் இருந்த ஒரு பெண் மற்றவளிடம், "மாடிக் குழாயில தண்ணி ஏறிடுச்சுடி. நான் வாளிய எடுக்கறதுக்குள்ள வழிஞ்சிடுச்சு" என்றாள்.

ஆகஸ்டு 23, வெள்ளி

பத்திரம் பாதி முடிந்தது. அவளுக்குச் சாதகமாக எட்டுப் பிரிவுகள். என் வாழ்நாளில் ஒரு தரப்பை மட்டும் பார்த்து எழுதிய முதல் பத்திரம்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலை பதினொரு மணி, அக்கா வீடு. அவள் பத்திரத்தை வரிவரியாகப் படித்தாள், வரைபடம் பார்ப்பது போல.

"எல்லாம் எனக்குச் சாதகமாவே இருக்கே. உங்க கட்சிக்காரர் கோவிச்சுக்க மாட்டாரா?"

"மாட்டார்" என்றேன்.

ஒன்பதாம் பிரிவில் நின்றாள். 'இரு தரப்பினரும் பிற்காலத்தில் மீண்டும் சேர்ந்து வாழ விரும்பினால், இப்பத்திரம் தானாகவே செல்லாததாகும்.'

"இது எல்லாப் பத்திரத்துலயும் வர்றதா?"

ஆம் என்றால் அது அங்கேயே இருந்துவிடும். பெரும்பாலான பத்திரங்களில் அது வரத்தான் செய்கிறது, பொய்கூட ஆகாது.

"இதில் நானாகச் சேர்த்தேன்" என்றேன். "எனக்காக."

அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, கனிவாகத்தான் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, ஒன்பதாம் பிரிவின் மேல் நேர்கோடாக அடித்தாள்.

"அடிச்சு எழுதினா ஓரத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்ல?"

"போட வேண்டும்."

அவள் போட்டாள். பத்திரத்தை என் பக்கம் திருப்பினாள்.

சகலைதான் பேசினார். "இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது?" அக்கா அவர் தோளில் தட்டினார். அவள் மட்டும் மெல்லச் சிரித்தாள்.

அடித்த கோட்டின் அருகே கையொப்பமிட்டேன். பிறகு கடைசிப் பக்கத்தில்.

மேற்கண்டவை அனைத்தும் நடந்தபடியே எழுதப்பட்டன.

(ஒப்பம்)
எழுதியவன்

பத்திரத்தின் சாட்சிகள்:
1. அவளுடைய அக்கா
2. அக்காவின் கணவர், இன்று காலை வரை என் சகலை