மூன்றரை அடி

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். அடுத்த வரியில் உன் சௌக்கியத்தை விசாரிப்பதுதான் முறை. நான் விசாரிக்கப் போவதில்லை, பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இந்தக் கடிதம் உன் ஆபீஸ் தோழி கையில் வருகிறது. ஆபீஸிலேயே படி, படித்ததும் அவளிடமே கொடுத்துவிடு, வீட்டுக்கு எடுத்துப் போகாதே. உன் போனை உன் புருஷன் தினமும் வாங்கிப் பார்க்கிறான் என்று அவள்தான் சொன்னாள், அதுவும் நான் நாலு தடவை குடைந்து கேட்ட பிறகு. அதனால்தான் ஒரு நிமிஷத்துக்கு மேல் போனில் பேசாத நான் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். வலது கை முட்டிகளில் நாலு தையல், காரணம் கீழே வருகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று. டாக்டர் நாற்காலியில் காலை முட்டுக் கொடுத்து இழுத்தார், இவள் வலியில் அவர் விரலைக் கடித்துவிட்டாள், இப்போது இரண்டு பேருமே மருந்து சாப்பிடுகிறார்கள். தொழிற்சாலையில் போன மாதம் கிரேன் சங்கிலி அறுந்தது. அறுந்த முனை சுழன்று வந்து செங்கல் சுவரில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டது. அங்கே நின்றுகொண்டிருந்த ஆள் அந்த நொடியில் ஷூ லேஸ் கட்டக் குனிந்திருந்தான், அதனால் அவன் தலை அவனிடமே இருக்கிறது. சுமை அதிகம் என்று மேலிருந்து கீழ்வரை எல்லாரும் சொன்னார்கள். நான் அறுந்த கண்ணியை லென்ஸில் பார்த்துவிட்டு, சுமை சரிதான், ஆறு மாதமாக விரிசல் இருந்திருக்கிறது, உள்ளே துரு ஏறியிருக்கிறது, ஒருத்தரும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்குள் வந்தபோது எனக்கு இருபத்தாறு, உனக்குப் பதிமூன்று. "எங்க சித்தப்பாவுக்கு உடைஞ்ச சாமானைப் பாக்கறதுக்கே சம்பளம் குடுக்கறாங்க" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நீ. என் வேலை என்ன என்று உனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அந்தப் பெட்டியை அனுப்பினாய் என்று இப்போது நினைக்கிறேன்.

பெட்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. லீவுக்கு வந்த உன் தோழி, "மூணரை அடிப் பெட்டி அங்கிள், ரயில்ல முழங்காலுக்கும் சீட்டுக்கும் நடுவுல வெச்சே வந்தேன், கால் மரத்தே போச்சு" என்றாள். முப்பத்தேழு வயதில் அங்கிள், சரி போகட்டும். உள்ளே சைக்கிள் சட்டம், முன் ஃபோர்க், பிரேக் பிடியோடு ஹேண்டில்பார், பெடல், கூடவே நீ எழுதிய துண்டுக் காகிதம். பழைய சாமான் கடையில் வாங்கினேன், மழைத் தண்ணீரில் சறுக்கி விழுந்தேன், கையில் சின்ன முறிவு, எந்த ஊர் வண்டி என்று கண்டுபிடித்துச் சரிபண்ணிக் கொடுங்கள் சித்தப்பா என்று எழுதியிருந்தாய். எழுத்து இடது கை எழுத்து. சின்ன முறிவு என்பதை நானும் நம்பித் தொலைத்தேன்.

எந்த ஊர் வண்டி என்பதற்கு வருகிறேன். மேலே யாரோ வீட்டுக் கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டை இரண்டு கை அடித்திருந்தார்கள், கம்பெனிப் பெயர் எங்கேயும் இல்லை. பெடல் அச்சு நிற்கும் கிண்ணம் துருவில் இறுகிக் கிடந்தது. செயின் பக்கத்துக் கிண்ணத்துக்கு இடது மரை, அதாவது மற்றதெல்லாம் கழலும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நான் பிரித்த அத்தனை சைக்கிளிலும் அப்படித்தான். அளந்து பார்க்காமல் ஸ்பேனரைப் போட்டேன். அசையவில்லை. ஒரு மீட்டர்க் குழாயைச் சொருகித் தொங்கினேன். அசையவில்லை. சுத்தியலால் குழாயை அடித்தேன், கெட்ட வார்த்தை சொன்னேன், மறுபடி அடித்தேன். மூன்றாவது நாள் ஸ்பேனர் வாய் பிளந்து, குழாய் வழுக்கி, என் முட்டி நேராக, சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்த வைஸின் இரும்புப் பல்லில் போய் மோதியது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. தையல் போட்டுக்கொண்டு வந்து, செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். வெர்னியரை எடுத்து அளந்தேன். கிண்ணம் உட்காரும் குழாயின் அகலம் எழுபது மில்லி, மற்ற சைக்கிளில் அறுபத்தெட்டு. மரையின் விட்டம் முப்பத்தாறு. அது இத்தாலிக்காரன் அளவு, வாயாடி. அவனுக்கு இரண்டு பக்கமும் வலது மரைதான். மூன்று நாளாகக் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் இறுக்கிக்கொண்டிருந்தேன். என் மண்டையில்தான் மரை கழன்றிருக்கிறது. பிறகு தீ காட்டி, சரியான பக்கம் திருப்பினேன், கத்திக்கொண்டே கழன்றது.

பெயிண்டைச் சுரண்டியதும் மீதியும் தெரிந்தது. குழாய்கள் சேரும் மூட்டுகளில் உறை மாதிரி இரும்பு போட்டுப் பித்தளை ஊற்றியிருக்கிறார்கள், உறையின் ஓரத்தைக் காகிதம் மாதிரி அரத்தால் தேய்த்து மெலித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் இலை வடிவத்தில் ஒரு குட்டித் துளை. சீட்டுக் கம்பி இருபத்தேழு புள்ளி இரண்டு, பின் சக்கர இடைவெளி நூற்றிருபத்தாறு. நாற்பது வருஷத்துப் பந்தய வண்டி, நல்ல மெல்லிய எஃகு. அடியில் 54 என்று மட்டும் குத்தியிருக்கிறது, அது சென்டிமீட்டரில் சட்டத்தின் உயரம். செய்தவன் பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை. தகரத்தையே ஓட்டை விழாமல் பற்றவைக்கிற நம் வெல்டர், பொறி என்று கூப்பிடுவோமே, அவனே அந்த மூட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இதச் செஞ்சவன் கையில எனக்கு ஒரு விரல் இருந்தாப் போதும்" என்றான்.

மேல் குழாயில் நீ கறுப்பு டேப் சுற்றியிருந்தாயே, அதைக் கடைசியாகத்தான் பிரித்தேன். கீழே மூன்று பள்ளம். வண்டி சறுக்கி விழுந்தால் பெடல் நுனி தேயும், பிரேக் பிடியின் மூக்கு தேயும். உன் வண்டியில் இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. முன்னால் எதிலாவது மோதியிருந்தால் ஃபோர்க் பின்னால் மடங்கும், சட்டத்தின் கழுத்துக்குக் கீழே குழாய் சுருங்கும். ஃபோர்க் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. மூன்று பள்ளமும் மேலிருந்து வந்தவை, இருபத்தெட்டு மில்லி வட்ட முகம், ஒவ்வொன்றிலும் ஒரே ஓரம் ஆழம். இடது பக்கம் நின்றுகொண்டு வலது கையால் சுத்தியலை வீசியிருக்கிறான். மூன்றாவது பள்ளம் மற்ற இரண்டையும்விட ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில், இன்னும் ஆழமாக. நான்காவது அடி ஹேண்டில்பாரிலேயே, நீ வலது கை வைக்கிற இடத்தில். அங்கே பாதி வட்டம்தான் பதிந்திருக்கிறது. மீதிப் பாதி இரும்பில் விழவில்லை. எங்கே விழுந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். எவ்வளவு வேகத்தில் அடித்தால் அந்த ஆழம் வரும் என்று சோதிக்கிறேன் பேர்வழி என்று, அதே ஒரு அங்குலக் குழாயில் ஒரு துண்டை வைஸில் பிடித்து, அதே அளவு சுத்தியலை எடுத்தேன். முதல் ஐந்து அடியில் பாதி ஆழம்கூட வரவில்லை. கோபத்தில் கை தவறிவிட்டது என்று அவன் சொன்னால் அது பச்சைப் பொய், தோளிலிருந்து முழுக் கையும் வர வேண்டும். முழுக் கையால் அடித்தேன். பன்னிரண்டாவது அடியில் அளவு சரியாக வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அவன் தாடை, அவன் முழங்கை, அவன் விரல்கள் ஒவ்வொன்றாக என்று நினைத்துக்கொண்டே குழாய் தட்டையாகும்வரை அடித்தேன். தையல் பிரிந்து மேஜையெல்லாம் ரத்தம். பொறி வாசலில் நின்று, "யாரு தலைய நெனச்சு சார் அடிக்கறீங்க, சொன்னா நானும் ரெண்டு போடறேன்" என்றான். எனக்கு அந்த அடியில் ஒரு சுகம் இருந்தது, வாயாடி. அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இருந்தது. அவன் எப்படிக் காலை அகட்டி நின்றிருப்பான் என்று என் காலுக்கே தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் துணிப்பைக்குள் சுத்தியலைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினேன். சாட்சிக்கு இருக்கட்டும் என்று சட்டத்தையும் தோளில் மாட்டியிருந்தேன். உன் அம்மா அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கதவை மறித்து நின்று, "சட்டத்தைக் கையில எடுக்காதீங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே என் தோளில் தொங்குவது கண்ணில் பட்டது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள், பிறகு என் பையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு பின்கட்டுப் பட்டறைக்குப் போய், அடுத்த சோதனைக்கென்று நான் வைஸில் மாட்டியிருந்த புதுக் குழாயில் ஒன்று போட்டாள். ஒரே ஒன்று. குழாய் இரண்டாக மடிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது, பல் பிடுங்கி நாலு நாள். சுத்தியலைக் கழிவுநீர்த் தொட்டியில் போட்டு மூடிவிட்டு வந்து, "இனிமே இந்த வீட்டுல யாரும் எதையும் அடிக்க வேணாம், உக்காந்து எழுதுங்க" என்றாள்.

எழுதியிருக்கிறேன். தொழிற்சாலையில் கொடுப்பது மாதிரியே ஆறு பக்க அறிக்கை, அளவு, படம், நான் அடித்துப் பார்த்த குழாய்களின் படம், என் கையெழுத்து. தெரு முனையில் இருக்கும் வக்கீலம்மாவிடம் காட்டினேன். இதோடு ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் நீ சொல்கிற வாக்குமூலமும் சேர்ந்தால் போதும், நீ வாய் திறக்காவிட்டால் இது வெறும் சைக்கிள் கதை என்று சொல்லிவிட்டார். சண்டைக்காரி, எனக்குப் பிடித்துப்போயிற்று. வண்டியையும் பாகம் சேர்த்துப் பூட்டிவிட்டேன். பின் சட்டம் நாலு மில்லி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, நூல் கட்டிப் பார்த்து நிமிர்த்தினேன், புதுக் கிண்ணம், புது பால்ரஸ் குண்டு, இரண்டு சக்கரம், வேறு ஹேண்டில்பார். பழைய ஹேண்டில்பார் உறையில் போட்டு ஒட்டி அலமாரியில் இருக்கிறது, அதை யாரும் தொடக் கூடாது. பள்ளங்களைப் பித்தளை ஊற்றி நிரப்பட்டுமா என்று பொறி கேட்டான், வேண்டாம் என்றேன். பெயிண்டும் அடிக்கவில்லை, துரு பிடிக்காமல் நிறமில்லாத வார்னிஷ் மட்டும். நிரப்புவதா அப்படியே விடுவதா என்று நீதான் சொல்ல வேண்டும், வண்டி உன்னுடையது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் ஷிஃப்ட் நேரத்தில் நீ போன் பண்ணினாய். "சித்தப்பா, அவர் கொஞ்ச நாளா..." என்று ஆரம்பித்தாய். பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துக்கு நின்றார்கள். "இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று வைத்துவிட்டேன். அடுத்த வாரமும் பண்ணினாய், அப்போதும் அதையேதான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. அதற்குப் பிறகு நீ பண்ணவில்லை. அந்தக் கிண்ணத்தில் நான் மூன்று நாள் தொங்கினதும் இதுவும் ஒன்றுதான். அளக்காமல், கேட்காமல், தப்பான பக்கம் இறுக்கியிருக்கிறேன், கழலவில்லையே என்று உன் மேலேயே எரிந்து விழுந்திருக்கிறேன். முட்டியில் தையல் எனக்கு, கையில் கட்டு உனக்கு. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன், அது நேரில் கேட்க வேண்டியது.

இப்போது நன்றாகக் கவனி. புதன்கிழமைக்குள் எனக்குப் போன் பண்ணு, அவன் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. வர வேண்டும் என்று தோன்றினால், வண்டி ரெடியா சித்தப்பா என்று கேள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு உன் ஆபீஸ் பின்கேட்டில் நானும் அம்மாவும் காருடன் நிற்போம். இன்னும் நாள் வேண்டும் என்றால், பச்சைப் பெயிண்டே அடிச்சிருங்க என்று சொல், நான் திட்ட மாட்டேன், உன் தோழி வழியாகவே மறுபடி எழுதுகிறேன். அதற்கு முன்னால் மறுபடி அவன் கை நீண்டால் எதற்கும் காத்திருக்காதே, தோழி வீட்டில் பின்னறை உனக்காகத் தாழ் போடாமல் இருக்கிறது. அவளே சொல்லச் சொன்னாள். சான்றிதழ்கள், எக்ஸ்ரே, உன் மாத்திரை, இந்த மூன்றையும் நாளைக்கே ஆபீஸ் மேஜைக்குக் கொண்டுவந்துவிடு, மற்றதெல்லாம் பழைய இரும்புக்குப் போகட்டும். அவனிடம் எதையும் சொல்லிக்கொண்டு கிளம்பாதே, நியாயம் பேசாதே. என் கையில் சுத்தியல் இருக்காது, உன் அம்மா பையைச் சோதித்துவிட்டுத்தான் காரில் ஏற்றுவாள்.

உன் கை நேராகக் கூடட்டும், பயமில்லாமல் தூங்கி எழுகிற நாட்கள் உனக்கு நிறைய வரட்டும், இது அம்மாவும் நானும் சேர்ந்து சொல்வது. எக்ஸ்ரேயை மறந்துவிடாதே. அன்றைக்கு நீ ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. காரில் ஆறு மணி நேரம் இருக்கிறது, முதலிலிருந்து சொல்.

இந்தத் தடவை குறுக்கே பேசாமல் கேட்கப்போகும்,
உன் சித்தப்பா