முள் காட்டிய அளவும் நான் சொன்ன அளவும்

நாமகிரிப்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்பிற்குரிய மகள் தனப்பிரியாவுக்கு, உன் அம்மா கோகிலவாணி நல்லாசிகளுடன் வரைவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் அறிவும் கனடாவின் கடுங்குளிரில் சளி இருமல் இன்றி இருக்க வேண்டுமென்று நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் முழு நலம் என்று எழுத மனம் ஒப்பவில்லை, காரணத்தைக் கீழே விளக்குகிறேன். அலைபேசி இருக்க அம்மா ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நீ வியக்கலாம். என் அலைபேசிக்கு வரும் ஒவ்வொரு செய்தியையும் உன் தந்தையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கு முன்பே படித்துவிடுகிறார், இதை அவர் படிக்கலாகாது.

சென்ற மாதம் நம் பழைய கார் ஆத்தூர் சாலைத் திருப்பத்தில் குலுங்கி நின்றுவிட்ட செய்தியை உன்னிடம் தொலைபேசியில் கூறினேன் அல்லவா, அது மூன்றாவது முறை. பின்னால் மஞ்சள் மூட்டை ஏற்றி வந்த லாரி ஒரு முழத் தொலைவில் நின்றது. அதன் ஓட்டுநர் தலையை நீட்டி, ஏனுங்க பெரியவரே, கால் தூங்கிப்போச்சுங்களா என்று கேட்டார். அந்த ஒரு சொல் உன் தந்தையாரை மிகவும் வருத்திவிட்டது. போன ஆண்டு வலது காலில் வந்த இலேசான வாதம் முழுவதும் நீங்கிவிட்டது, கார் ஓட்டலாம் என்று சேலத்து மருத்துவர் சொல்லியிருந்தும், அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில்கூட மேசைக்கு அடியில் தம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள் என்றாய். நான் உடன்படவில்லை. பழுது காரிலா காலிலா என்று தெரியாமல் ஒரு மனிதரிடமிருந்து சாவியைப் பறிப்பது நியாயமன்று என்பது என் கருத்து.

ஆகவே முதலில் லாரிப் பட்டறை சென்றாயனை அழைத்தோம். அவன் கைராசிக்காரன்தான், ஆனால் லாரிக்குப் பழகிய கை. வண்டி நின்றுபோகிறது என்றதும் ஸ்லோ ஸ்பீடு பத்தலீங்கக்கா என்று, மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டும் ஒரு திருகாணியை முறுக்கி ஏற்றிவிட்டான். விளைவு, காலை எடுத்த பின்பும் வண்டி தானாகவே முன்னே ஓடப் பார்த்தது. அதன் பிறகுதான் நானே உட்கார்ந்து தேடிப் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் ஆயினும் கிணற்று மோட்டார் பெட்டியை முள் மீட்டர் வைத்துப் பழுது பார்க்கக் கற்றவள் என்பது உனக்குத் தெரியும். இந்தக் காரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு தகடு திறக்கிறது, எவ்வளவு திறந்தது என்பதைக் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்க அதன் பக்கவாட்டில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருக்கிறது. திராட்டில் பொசிஷன் சென்சார் என்கிறார்கள், திறப்பு உணரி என்று நான் பெயரிட்டுக்கொண்டேன். சென்றாயன் தொட்ட திருகாணியைக் கம்பெனிக்காரர்கள் இட்ட மஞ்சள் குறிக்கே திருப்பி வைக்கச் சொன்னேன். சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், உணரியின் ஒயரில் புடவை ஊக்கைச் செருகி மீட்டரைப் பிடித்துக்கொண்டு, தகட்டைக் கையாலேயே மெல்லத் திறந்தேன். முள் சீராக ஏற வேண்டும். ஆனால் ஒரு வோல்ட்டை நெருங்கும்போதெல்லாம் திடீரென்று பூஜ்யத்தில் விழுந்து பிறகு துள்ளியது, பத்து முறை திறந்தாலும் அதே இடம். மெதுவாகப் போகும்போது கார் குலுங்கியது அதனால்தான். எவர் காலும் படாத நிலையிலேயே பழுது தெரிந்துவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சென்றாயன் எட்டிப் பார்த்து, நீங்க மீட்டரப் புடிச்சா நாங்க பட்டறையச் சாத்திட்டு மாடு மேய்க்கப் போக வேண்டியதுதானுங்க என்றான்.

சேலத்திலிருந்து புதிய உணரி வந்தது. தகடு மூடியிருக்கையில் அரை வோல்ட் காட்ட வேண்டும், அதற்காக அதை இலேசாகத் திருப்பி வைத்து இரண்டு திருகாணிகளை முடுக்க வேண்டும். முடுக்கும்போதே நகர்ந்து முக்கால் வோல்ட்டுக்குப் போய்விடும், நான்காவது முயற்சியில்தான் நின்றது. சென்றாயன் உள்ளே அமர்ந்து மிதித்துக் காட்டினான், பாதியில் நிறுத்து என்றால் முள்ளும் இரண்டரையில் ஆணி அடித்தாற்போல் நின்றது. நான் அத்தோடு மீட்டரை எடுத்து வைத்திருக்கலாம். உன் தந்தையார்தாம் ஆவலோடு வந்து, தள்றா, நானும் மிதிச்சுப் பாக்கறேன் என்று அமர்ந்தார். பாதி வரை மிதித்து அப்படியே வையுங்கள் என்றேன். முள் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஊசலாடியது, சாமி. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கச் சொன்னேன், மறுபடியும் அப்படியே. பானெட் திறந்திருந்தபடியால் அவருக்கு என் முகம் தெரியவில்லை. வாணி, எவ்வளவு காட்டுது என்று உள்ளிருந்து கேட்டார். இரண்டரைங்க, அசையலீங்க என்றேன். இத்தனை ஆண்டுகளில் மீட்டர் அளவை நான் பிழையாகக் கூறியது அதுவே முதல் முறை.

அவர் இறங்கி வந்து சென்றாயனின் முதுகில் ஓங்கித் தட்டி, பாத்தியாடா, கால் இல்லடா, காருடா என்றார். ஒரு மாதத்திற்குப் பின் அன்றுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, அது என் குற்றமே. இப்போது சித்திரையில் நீங்கள் வரும்போது கோவை விமான நிலையத்திற்குத் தாமே ஓட்டி வந்து பேரனை முன் இருக்கையில் அமர்த்தி அழைத்து வருவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் முழுவதும் அவர் எங்கே கிளம்பினாலும் நானும் ஏறி அமர்ந்து, கையை ஹேண்ட் பிரேக்கின் அருகிலேயே வைத்துக்கொள்கிறேன். இந்த வயசுல உனக்கு ஊர் சுத்தற ஆசை வந்துருச்சு என்று கேலி பேசுகிறார், ஆமாங்க என்று சொல்லி வைக்கிறேன்.

நான் மருத்துவரிடம் போகலாம் என்றால் ஏன் என்று கேட்பார், என்னால் இரண்டாவது பொய் சொல்ல இயலாது. ஆதலால் இக்கடிதம் கிடைத்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது முதலில் காரைப் பற்றிக் கேள், வாய் நிறையப் பேசுவார், பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதே. பிறகு, இவ்வளவு தூரம் பேரனை ஏற்றி வரப்போகிறீர்கள், எதற்கும் ஒருமுறை காலைக் காட்டிவிட்டு வாருங்கள் அப்பா என்று மகளாக நீ கேள். உனக்காகப் போவார். கார் ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், மீட்டரில் கண்டதை அன்றே நானே அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அதுவரை இச்செய்தி நம் இருவருக்குள் இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், சாமி. பதினாறு பேறுகளும் பெற்று மூவரும் நீடு வாழ்க. கடிதம் கிடைத்ததும், தாள் வந்தது என்று எழுதிவிடாதே, குளிர் குறைந்திருக்கிறது என்று மட்டும் அலைபேசியில் அனுப்பு, நான் புரிந்துகொள்வேன்.

உன் வாழ்வில் தன் வாழ்வைக் காணும் அன்னை,
கு. கோகிலவாணி